இரண்டு வண்ணக் கண்ணாடிகளும் ஒரு தென்பாண்டி அறிஞரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பொருநை பாயும் நம் நாட்டுக்குப் பெருமைகள் பல. எட்டயபுரத்துப் பாரதியையும் ஒட்டப்பிடாரத்துச் சிதம்பரனாரையும் ஈன்ற மண் இது என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர்களை அறியாத பள்ளிச் சிறுவன் இப்பக்கத்தில் இல்லை. ஆனால், பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் எல்லைக்குள் பிறந்து, இந்திய அறிவியலின் தலைசிறந்த கண்டுபிடிப்பில் பங்குகொண்ட ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1987 முதல் இவ்வழக்கம் நடந்து வருகிறது. விழாவில் சர் சி. வி. ராமனின் படம் இருக்கும், இருக்க வேண்டியதுதான். அந்தக் கண்டுபிடிப்பை முதன்முதலில் உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்தன என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். இரண்டாவது பெயர் கே. எஸ். கிருஷ்ணன். அவருடைய வரலாற்றை, அவர் கையாண்ட ஓர் எளிய கருவியின் துணைகொண்டு சொல்ல விழைகிறேன். அக்கருவி ஒளி வடிகட்டி.

பிறப்பும் இளமையும்

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர் அது. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும் வரை, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே, பிறந்த நாளின் கணக்குப்படி அவர் நம் மாவட்டத்துக்காரர். கரியமாணிக்கம் என்ற பெயரும் நமக்குப் புதிதன்று. அப்பெயர் கொண்ட பெருமாளுக்குத் திருநெல்வேலி நகரிலேயே கோயில் உண்டு.

தந்தையார் உழவுத் தொழிலோடு தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். மகனுக்கும் அந்த இலக்கியப் பற்று வாய்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். இயற்பியலில் பட்டம் பெற்ற அவருக்கு, முதலில் கிடைத்த வேலை வேதியியல் துறையில் செய்முறை விளக்குநர் பணி. அப்பணியிலும் அவர் சோர்ந்து இருக்கவில்லை. பகல் உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, இயற்பியல், வேதியியல், கணிதம் என எதில் ஐயம் கேட்டாலும் விளக்கினார். நாளடைவில் பிற கல்லூரி மாணவர்களும் அந்த இடைவேளை வகுப்புக்கு வந்து சேர்ந்தார்களாம். பாடத்திட்டத்துக்கு உட்படாத அந்த வகுப்பு, அவர் எத்தகைய ஆசிரியர் என்பதைக் காட்டும்.

கல்கத்தாப் பயணம்

1920-இல் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். அங்கே பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ராமன் அங்கே ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். தென்னாட்டிலிருந்து சென்ற இளைஞர் பலருக்கு அக்கழகமே குருகுலமாக விளங்கியது.

ராமனை அப்போது ஆட்கொண்டிருந்த கேள்வி ஒளிச்சிதறல். ஓட்டுக் கூரையின் துவாரத்தின் வழியே வெயில் கற்றை வீட்டுக்குள் இறங்கும்போது, அதன் பாதை நமக்குத் தெரிகிறது. காற்றிலுள்ள தூசு ஒளியைப் பக்கவாட்டில் சிதறச் செய்வதே காரணம். தூசே இல்லாத தூய திரவத்திலும், மூலக்கூறுகளே ஒளியை மிக மங்கலாகச் சிதறடிக்கும். அவ்வாறு சிதறிய ஒளியின் நிறம், உள்ளே சென்ற ஒளியின் நிறமாகவே இருக்கும் என்பது அன்றைய அறிஞர்களின் கருத்து. நீலம் போனால் நீலம்தான் வரவேண்டும்.

1923-இல் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன், வடிகட்டிகளைக் கொண்டு திரவங்களின் சிதறலை ஆராய்ந்தபோது, இருக்கக் கூடாத ஒரு மெல்லொளி இருப்பதைக் கண்டார். திரவத்தில் மாசு இருக்கலாம், அந்த மாசு உடனொளிர்கிறது போலும் என்று கருதினார்கள். திரவத்தை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூய்மை செய்தும் அம்மெல்லொளி போகவில்லை. கிருஷ்ணனும் அடுத்த ஆண்டுகளில் பல திரவங்களைச் சோதித்தபோது அதையே கண்டார். ஆயினும் 'வலுவற்ற உடனொளிர்தல்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பொருளுக்குத் தவறான பெயர் வைத்துவிட்டால், அதைப் புதிதாகப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த ஐந்து ஆண்டுகள் சான்று.

வடிகட்டி செய்த வேலை

இங்கே வடிகட்டி என்றால் என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும். ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது செந்நீரைக் குடத்தில் மொண்டு, தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தெளிய வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. கொட்டை தண்ணீரைப் புதிதாக உண்டாக்குவதில்லை. வேண்டாததை அடியில் தள்ளிவிடுகிறது. ஒளி வடிகட்டியும் அப்படித்தான். அது ஒளியைக் கூட்டாது, கழிக்கும். வெள்ளொளியில் ஏழு நிறமும் உண்டு. நீலக் கண்ணாடி நீலத்தையும் ஊதாவையும் விட்டுவிட்டு மற்றவற்றை விழுங்கிவிடும். மஞ்சட்பச்சைக் கண்ணாடி மஞ்சளையும் பச்சையையும் விட்டுவிட்டு நீலத்தை விழுங்கிவிடும். சரியாகத் தேர்ந்தெடுத்த இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சூரியனையே பார்த்தாலும் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். (சோதித்துப் பார்க்க எவரும் சூரியனை நோக்க வேண்டாம், கண் போய்விடும்.) ஒன்று விடுவதை மற்றொன்று தடுப்பதால் இவற்றை நிரப்பு வடிகட்டிகள் என்பர்.

1928 பிப்ரவரித் தொடக்கத்தில் ராமன், கோட்பாட்டு வேலையில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனை மீண்டும் சோதனை மேசைக்கு அழைத்தார். அந்த நாட்களில் நடந்தவற்றைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிற்காலத்தார் அந்நிகழ்ச்சிகளை நாள்வாரியாக அறிய அதுவே உதவுகிறது.

கருவிகளைக் கேட்டால் வியப்போம். விளக்கு சூரியன்தான். 18 சென்டிமீட்டர் அகலமும் 230 சென்டிமீட்டர் குவியத் தொலைவும் உடைய ஒரு தொலைநோக்கி வில்லை, அதன் குவியத்தில் 5 சென்டிமீட்டர் குவியத் தொலைவுள்ள மற்றொரு வில்லை, தூய திரவம் அடைத்த குமிழ், இரண்டு வடிகட்டிகள், இருட்டுக்குப் பழகிய கண்கள் ஆகியவையே மொத்தக் கருவித் தொகுதி.

முதலில் நீல வடிகட்டியைச் சூரிய ஒளியின் பாதையில் வைத்தார்கள். திரவத்துக்குள் நீல ஒளியின் தடம் தெரிந்தது. பிறகு மஞ்சட்பச்சை வடிகட்டியையும் அதே பாதையில், திரவத்துக்கு முன்னால் வைத்தார்கள். தடம் அடியோடு மறைந்தது. வடிகட்டிகளில் ஒழுக்கு இல்லை என்பது இதனால் உறுதியாயிற்று. இப்போது இரண்டாவது வடிகட்டியை மட்டும் எடுத்து, திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையில் வைத்தார்கள். மறைந்த தடம் மங்கலாக மீண்டும் தோன்றியது!

இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். அதே இரு கண்ணாடிகள், அதே சூரியன், அதே திரவம். கண்ணாடியின் இடம் மட்டும் மாறியது. இரண்டும் திரவத்துக்கு முன்னால் இருந்தபோது ஒன்றும் கடக்கவில்லை. நடுவில் திரவம் இருந்தபோது ஏதோ ஒன்று கடக்கிறது. அப்படியானால் உள்ளே செல்லாத ஒரு நிறம், திரவத்துக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும். நீலம் சென்று பச்சை வந்திருக்கிறது. அதிலும் அந்த ஒளி பெரிதும் தளவிளைவுற்றதாக இருந்தது; சாதாரண உடனொளிர்தலில் இப்பண்பைக் காணோம். ஏறத்தாழ 60 திரவங்களில் சோதித்தார்கள், எல்லாவற்றிலும் இருந்தது. தூசற்ற ஆவிகளிலும் அதைக் காண முடிந்தது. ஆகவே மாசு என்ற விளக்கம் வீழ்ந்தது.

இந்த முடிவுகளை ராமனும் கிருஷ்ணனும் இணைந்து எழுதி, பிப்ரவரி 16-ஆம் தேதியிட்டு லண்டன் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினர். அது மார்ச் 31-இல் வெளியாயிற்று. அதற்கிடையே, பிப்ரவரி 28 அன்று, சிதறிய ஒளியை நேர்நோக்கு நிறமாலை காட்டி வழியே பார்த்தார்கள். பழைய நிறமும் புதிய நிறமும் தனித்தனியே நிற்க, இரண்டுக்கும் நடுவே ஓர் இருண்ட இடைவெளி தெரிந்தது. அந்த நாளே நாம் கொண்டாடும் நாள்.

சூரிய ஒளியில் வடிகட்டி விட்டுவைக்கும் நிறம் அகன்ற பட்டையாக இருக்கும். கூர்மை வேண்டுமானால் ஒற்றை நிறம் வேண்டும். அதற்குப் பாதரச ஆவி விளக்கு வந்தது. ஆனால் அவ்விளக்கும் பல நிறக்கோடுகளைத் தருவது. 4358 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள கருநீலக் கோட்டுக்கு மேற்பட்ட கோடுகளையெல்லாம் மீண்டும் ஒரு வடிகட்டியால் நீக்கினார்கள். அந்த நீக்கிய இடத்தில்தான் புதிய கோடுகள் கூர்மையாகத் தோன்றின. நீக்காமல் விட்டிருந்தால், விளக்கின் சொந்தக் கோடு எது, திரவம் தந்த கோடு எது என்று எப்படிப் பிரித்தறிவது? சிதறிய புதிய ஒளி, விழுந்த ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான். ஒரு கோடி நெல்மணிக்கு நடுவே ஒரு தினையைத் தேடுவது போன்றது. சுளகில் புடைத்து நெல்லை முழுவதும் அகற்றினால்தான் தினை கண்ணில் படும். வடிகட்டி அந்தச் சுளகின் வேலையைச் செய்தது. அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் என்ற இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இவ்விளைவைத் தனியே கண்டனர்.

பெயர் யாருக்கு?

1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. விளைவும் ராமன் விளைவு என்றே வழங்குகிறது. இது முறையா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. நான் அறிந்தவரை இருபுறமும் நியாயம் இருக்கிறது. ஒளிச்சிதறல் என்ற வினாவை எழுப்பி, பல ஆண்டுகள் விடாப்பிடியாக மாணவர்களை அதில் ஈடுபடுத்தி, கிருஷ்ணனையும் மேசைக்கு அழைத்து வந்தவர் ராமன். நோபல் உரையில் கிருஷ்ணனின் பெரும் உதவியை அவர் குறிப்பிடவும் செய்தார். அதே சமயம், அந்த மங்கலொளியைக் கண்ணால் கண்டு, திரவந்தோறும் ஆவிதோறும் சோதித்து, நாள்தோறும் குறித்துவைத்தவர் கிருஷ்ணன். இணைந்து உழைத்த இருவரில் ஒருவருடைய பெயர் மட்டும் விளைவோடு நிலைத்தது. பெயரின்றிப் போனவரின் உழைப்பு அதனால் சிறுத்துவிடவில்லை என்பதை நாம் உணர வேண்டும்.

வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு பிப்ரவரியைச் சொல்லிக்கொண்டே அவர் காலம் கழிக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடராகச் சேர்ந்தார். சத்தியேந்திரநாத் போஸ் துறைத் தலைவராக இருந்த இடம் அது. அங்கே கிருஷ்ணன் முற்றிலும் வேறான துறைக்குச் சென்றார். சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எப்படி மாறுபடுகிறது என்பதைக் கண்டறியும் நுட்பமான முறையை வகுத்தார். விலையுயர்ந்த கருவி இல்லாமலே உலகத் தரமான அளவீடு செய்ய முடியும் என்று மீண்டும் காட்டினார்.

1933-இல் கல்கத்தாக் கழகத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1937-இல் ரூதர்ஃபோர்டு, பிராக் ஆகியோரின் அழைப்பின்பேரில் இங்கிலாந்து சென்று உரையாற்றினார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவரானார். அங்கே மாணவர் பாட்டியாவுடன் சேர்ந்து, உலோகத்தின் மின்தடையை ஆராய்ந்தபோது, திரவத்தில் ஒளி சிதறுவதுபோல உலோகத்தில் எலெக்ட்ரான் சிதறுகிறது என்று கொண்டு கணக்கிட்டார். கல்கத்தாவில் கற்ற பாடம் வேறு உருவில் பயன் தந்தது.

1946-இல் சர் பட்டம் பெற்றார். விடுதலை பெற்ற ஆண்டான 1947-இல், புதுதில்லியில் அமைந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அக்கட்டடம் 1950 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்து, படியும் சேரும் பலமும் போய்க் கிலோவும் மீட்டரும் நாடெங்கும் பரவியபோது, அவற்றின் மூல அளவைகளைக் காக்கும் இடமாக விளங்கியது அந்த ஆய்வகமே. பாளையங்கோட்டைச் சந்தையில் நாம் வாங்கும் ஒரு கிலோ வெங்காயத்துக்குப் பின்னால் இத்தனை நீண்ட வரலாறு உண்டு! 1954-இல் பத்ம பூஷண் விருதும், 1958-இல் முதலாவது பட்நாகர் விருதும் அவரை அடைந்தன. 1961 ஜூன் மாதம், 62-ஆம் வயதில் காலமானார்.

லேசர் யுகத்தில்

அவர் மறைவதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1960 மே மாதத்தில், அமெரிக்காவில் மெய்மன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1962-இலேயே போர்ட்டோ, வுட் என்ற இருவர் மாணிக்க லேசரைக் கொண்டு ராமன் நிறமாலை எடுத்தனர். பாதரச விளக்கின் இடத்தை லேசர் பிடித்தது.

லேசர் ஒற்றை நிற ஒளி என்று பாடத்தில் படிக்கிறோம். ஆகவே இனி வடிகட்டி எதற்கு என்று தோன்றலாம். உண்மை அதுவன்று. ஹீலியம்-நியான் லேசரின் குழாயில் 632.8 நானோமீட்டர் செவ்வொளியோடு, மின்னிறக்கத்தால் எழும் வேறு பல நியான் கோடுகளும் மங்கலாக வெளிவரும். டயோடு லேசரிலோ முக்கிய நிறத்தின் இருபுறமும் மெல்லிய ஒளி பரவிக் கிடக்கும். சாதாரண வேலைக்கு இவை பொருட்டல்ல. கோடியில் ஒரு பங்கைத் தேடும் ராமன் சோதனையில் அவை கண்டுபிடிப்பைப் போல வேடமிட்டு வந்துவிடும்.

ஆகவே லேசரின் வாயிலிலேயே ஒரு வடிகட்டி வைத்து அதன் ஒளியைத் தூய்மை செய்கிறார்கள். இது வண்ணக் கண்ணாடி அன்று, குறுக்கீட்டு வடிகட்டி. கண்ணாடித் தகட்டின்மேல், ஒளிவிலகல் எண் மிகுந்ததும் குறைந்ததுமான இரு பொருள்களைக் காற்றற்ற அறையில் மாறிமாறிப் படிய வைப்பர். ஒவ்வொரு படலமும் அலைநீளத்தின் கால்பங்குக் கணக்கில் அமையும். சோப்புக் குமிழில் நிறம் தோன்றும் அதே தத்துவத்தால், ஓரிரு நானோமீட்டர் அகலமுள்ள நிறம் மட்டும் கடந்து செல்லும். ஏனையவை திருப்பி அனுப்பப்படும். தகட்டைச் சாய்த்தால் கடக்கும் நிறம் குறுகிய அலைநீளத்தின் பக்கம் நகரும். சோதனைப் பொருளுக்கு அப்பால், லேசரின் நிறத்தை மட்டும் தடுத்து மற்றவற்றை விடும் இரண்டாவது வடிகட்டி வைக்கப்படும். பொருளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 1928-இல் பௌபஜார் தெருவில் வைத்த அதே அமைப்பு!

நம் கைக்கெட்டும் ஓர் எடுத்துக்காட்டும் சொல்வேன். திருவிழாக் கடைகளில் விற்கும் பச்சை லேசர் விளக்குகள் பலவற்றில், பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி ஒரு படிகத்தைத் தூண்ட, அது 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தர, மற்றொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக்குகிறது. மிச்சமுள்ள அகச்சிவப்பைத் தடுக்க உள்ளே ஒரு வடிகட்டி வேண்டும். விலையைக் குறைக்க அதை விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒளியும் சேர்ந்து வரும். பச்சை மங்கலாக இருக்கிறதே என்று துணிந்து பார்ப்பவனின் விழித்திரையை அது சுட்டுவிடும். விளையாட்டுக்குக்கூட இவ்விளக்கை எவர் முகத்திலும் அடிக்காதீர்கள் என்று நண்பர்களை வேண்டுகிறேன்.

நாம் கொள்ள வேண்டியது

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். ஆராய்ச்சி என்பது பெரிய நகரத்தில், பெரிய கருவியோடு, பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் செய்வது என்று நமக்குள் ஓர் அச்சம் உண்டு. நம் ஆய்வகத்தில் நிறமாலைமானியும் கீற்றணியும் பாதரச விளக்கும் உண்டு. வண்ணக் கண்ணாடிகளும் உண்டு. கல்கத்தாவில் அன்று இருந்தவற்றோடு ஒப்பிட்டால் நாம் ஏழைகள் அல்லர். குறைவது கருவி அன்று. பதிவேட்டில் எழுத வேண்டிய விடையை முன்னரே தெரிந்துகொண்டு சோதனைக்குப் போகும் வழக்கந்தான் நம்மைக் கட்டிப்போடுகிறது.

கிருஷ்ணன் தம் கண்ணுக்குத் தெரிந்த மங்கலொளியை, தெரிந்த காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். மாசா? தூய்மை செய்து கழித்தார். வடிகட்டியின் ஒழுக்கா? இரண்டையும் சேர்த்துவைத்துக் கழித்தார். எஞ்சியதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார். எஞ்சியது உலகுக்குப் புதிதாக இருந்தது.

2028-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்கண்டுபிடிப்புக்கு நூறாண்டு நிறைகிறது. அந்த விழாவில் நம் கல்லூரி மேடையில் இரண்டு படங்கள் இருக்கட்டும். ராமனுக்கு அருகில், வத்திராயிருப்புக் கிருஷ்ணனுக்கும் ஒரு மாலை விழட்டும். அதனினும் மேலாக, அன்று மாலை இயற்பியல் ஆய்வகத்தில் இரு வண்ணக் கண்ணாடிகளையும் தெளிந்த திரவக் குடுவையையும் வைத்து, இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, அந்த மங்கல் தடத்தைத் தேடிப் பார்ப்போம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் மாணவர்கள் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.